நீரிணையை நீந்திக் கடந்தோர்



இலங்கையின் வடகரைக்கும் தமிழ்நாட்டின் கோடிக்கரைக்கும் இடையே, தேசப்படத்தில் ஒரு விரற்கடை அளவு நீலம் தீட்டப்பட்டிருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பாக்கு நீரிணை என்பது அதன் பெயர். மாணவர் சிலர் இப்பெயரைக் கமுகம்பாக்கோடு சேர்த்து விளக்கி விடைத்தாளில் எழுதுவதுண்டு. கற்பனை நன்றுதான், ஆனால் 1763 முதல் 1767 வரை சென்னையின் ஆளுநராயிருந்த றொபேட் பால்க் என்னும் ஆங்கிலேயரின் பெயரே நம் நாவிலே பாக்கு ஆயிற்று. அந்த ஒரு விரற்கடை நீலத்தை ஓடம் இன்றிக் கடந்த மனிதரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே திருகோணமலை நகரின் பாடசாலை மாணவர் ஒருவர், பதின்மூன்று வயதினர், தனுஷ்கோடியிற் கடலில் இறங்கித் தலைமன்னாரிற் கரையேறினார். செய்தி எட்டிய சில நாட்களில் எங்கள் பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் நால்வர் அதிபர் அறை வாயிலில் வந்து நின்றனர். "சேர், நாங்களும் கடலில நீந்திப் பழகப் போறம், நீங்கள் அனுமதி தரவேணும்" என்றார்கள். அவர்களுக்குப் பின்னே, நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் ஒருவரும் நின்றார். நீச்சல், துவிச்சக்கர வண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாது அடுத்தடுத்து நிகழ்த்தும் 'ட்ரையத்லன்' என்னும் முப்போட்டியிலே ஒருமுறையேனும் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் உடனே இணங்கவில்லை. ஈச்சிலம்பற்று நீரால் சூழப்பட்ட நிலம். கிழக்கே கடல், வடக்கே உல்லைக்கழி, தெற்கே மாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு. பாலங்கள் அமையுமுன், திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் தெருவிலே துறைதோறும் 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவைக்காகக் காத்து நின்றவர்கள் நாங்கள். எனினும் இத்தலைமுறைப் பிள்ளைகளிலே நீந்தத் தெரிந்தோர் சிலரே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்தது. அன்றைக்குப் பின் எத்தனையோ தாய்மார் தம் மக்களை முழங்கால் நீருக்கு அப்பால் விட்டதில்லை. இரண்டாண்டு கழித்து 2006இல் போரினால் ஊரே இடம்பெயர்ந்தது. அத்தகைய ஊரிலே, "கடலில் இறங்குக" என்று ஓர் அதிபர் கையொப்பமிடுவது எளிய செயலன்று. எனவே, கலைப் பட்டதாரியாகிய நான் அறிந்த ஒரே வழியை நாடினேன். முன்னே கடந்தவர்கள் எங்ஙனம் கடந்தார்கள் என்று வரலாற்றைப் புரட்டினேன்.

பாக்கு நீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் என்று போற்றப்படுபவர் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி அவர்கள். 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வல்வெட்டித்துறையில் இறங்கி, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். இருபத்தேழு மணி நேரம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து மறுபகலிலும் சில நாழிகை கைகால் ஓயாமல் அசைந்தன என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும். அவர் தெரிந்தெடுத்த மாதத்தைக் கவனியுங்கள். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அந்நீரிணையைக் கொந்தளிக்கச் செய்யும். வைகாசிக்குப் பின் சோழகம் எழும். இவ்விரண்டுக்கும் இடையில், பங்குனியை ஒட்டிய சில கிழமைகளிலேதான் கடல் சற்றே தணிந்திருக்கும். பின்னாளிற் கடந்தோரிற் பலரும் மார்ச்சு, ஏப்பிரில் மாதங்களையே நாடினர். 1966இல் வங்காளத்து மிகிர் சென் அவர்கள் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி 36 நிமிடத்தில் நீந்தியதும், 1994இல் பதின்மூன்று வயது நிரம்பாத தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் கடந்ததும் ஏப்பிரிலிலேதான். கடற்கரை மீனவர்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால் போட்டிக்கு நாள் குறிக்கும் அலுவலகங்கள் மீனவரைக் கேட்பதில்லை என்பதை ஈண்டுச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காத்திருத்தல் என்னும் இக்கலை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயை முதலில் நீந்திக் கடந்தவர் கப்பற் தலைவர் மத்தியூ வெப். 1875 ஆகத்து 12ஆம் நாள் அவர் இறங்கினார், கடல் இடங்கொடுக்கவில்லை, விட்டுவிட்டுக் கரை திரும்பினார். பன்னிரண்டு நாள் பொறுத்து 24ஆம் நாள் மீண்டும் இறங்கி, 21 மணி 45 நிமிடத்தில் கலே நகரை அண்மிக் கரையேறினார். நேர்க்கோட்டிலே 34 கிலோமீற்றர் மாத்திரமே உள்ள அகலத்தை, நீரோட்டம் இழுத்த இழுப்பிலே வளைந்து வளைந்து 60 கிலோமீற்றருக்கு மேல் நீந்த வேண்டியதாயிற்று. அவர் வேகமாக நீந்தியவரல்லர். தவளைபோற் கைவிரிக்கும் மார்பு நீச்சலையே நிதானமாகக் கையாண்டார். வழியிலே சொறிமீன் தீண்டியது. படகிலிருந்து கொடுத்த காப்பி, மாட்டிறைச்சிச் சாறு, சிறிது பிரண்டி ஆகியவற்றைச் சிறுகச் சிறுக அருந்தினார். அவருக்குப் பின் அக்கால்வாயை இன்னொருவர் நீந்தி முடிக்க 36 ஆண்டு சென்றது. அதே வெப், 1883இல், பணம் வேண்டி நயாகரா நீர்வீழ்ச்சியின் கீழுள்ள சுழலிலே குதித்து உயிர் துறந்தார். பொறுக்கத் தெரிந்த மனிதரும் ஒருநாட் பொறுக்காமற் போவதுண்டு.

இனி, நம்மவருள் மிகப் புகழ் பெற்றவரிடம் வருவோம். வல்வெட்டித்துறை தந்த வி. எஸ். குமார் ஆனந்தன், மக்களால் ஆழிக்குமரன் என்று அழைக்கப்பட்டவர். 1943இல் பிறந்த இவர், 1971இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்திச் சென்று, மீண்டும் அங்கிருந்து நீந்தியே திரும்பினார். போகவும் வரவும் 51 மணி நேரம். இச்சாதனை கின்னசு நூலிலே பதிவாயிற்று. 2021 ஏப்பிரிலில் இலங்கை விமானப்படை வீரர் றொசான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று திரும்பிய நேரம் 28 மணி 19 நிமிடம் ஆனபோது, ஐம்பதாண்டுச் சாதனை முறியடிக்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அபேசுந்தரவின் தீரம் போற்றுதற்குரியது, ஐயமில்லை. ஆனால் தலைமன்னார் வழி ஒருபுறத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வல்வெட்டித்துறை வழியோ ஐம்பதுக்கு மேல். இரண்டும் ஒரே நீரிணையின் பெயராற் சொல்லப்பட்டாலும் ஒரே தூரமல்ல. மணிக்கணக்கை மட்டும் நோக்கி இருவரையும் தராசிலிடுவது இருவருக்கும் செய்யும் அநீதியாகும்.

ஆழிக்குமரனின் முடிவைச் சொல்லும்போது நாத் தழுதழுக்கிறது. 1984 ஆகத்து 6ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார். 51 மணி நேரம் நம் கடலில் மிதந்த உடல் அது. நம் கடல் 28 பாகையை அண்டிய வெப்பமுடையது. அக்கால்வாயோ கோடையிலும் 18 பாகையைத் தாண்டுவது அரிது. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்ந்துவிடும். அவருடைய மரணத்துக்கு இதுதான் காரணம் என்று நான் கூறவில்லை. ஒரு கடலிற் பெற்ற தேர்ச்சி இன்னொரு கடலிற் செல்லாது என்பதை மட்டுமே கூறுகிறேன்.

அதே ஆகத்து 6ஆம் நாளுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1926இல் அந்நாளிலேதான் அமெரிக்க நங்கை கெற்றூட் எடேளி, கால்வாயைக் கடந்த முதற் பெண்மணியானார். அதற்கு முந்திய ஆண்டு அவர் முயன்றபோது, பயிற்சியாளர் இடைநடுவிலே அவரை நீரிலிருந்து எடுக்கும்படி பணித்துவிட்டார். தாம் சற்றே இளைப்பாறியதாகவும், மூழ்கவில்லை என்றும் எடேளி பின்னர் வாதாடினார். அடுத்த ஆண்டு வேறொரு பயிற்சியாளருடன் வந்து, கொந்தளித்த கடலிலே ஏறத்தாழப் பதினான்கரை மணி நேரத்தில் எதிர்க்கரை சேர்ந்து, அதுவரை கடந்த ஆடவர் அனைவரின் நேரத்தையும் வென்றார். முதலாம் ஆண்டு தடுத்தவர் செய்தது பிழையா? பலர் பிழை என்பர். நான் அங்ஙனம் கருதவில்லை. நீரிலுள்ளவர் தம் நிலையைத் தாமே அறியார். படகிலுள்ளவருக்கு "எடு" என்று சொல்லும் உரிமை இருத்தல் வேண்டும். தடுக்கப்பட்டவர் மறுவருடம் மீண்டும் இறங்கலாம் அல்லவா?

இப்பொழுது எங்கள் ஆசிரியரின் முப்போட்டிக்கு வருகிறேன். இவ்விளையாட்டு வயதிலே இளையது. 1974இல் அமெரிக்காவின் சான் தியாகோவிலே தோன்றியது. 1978 பெப்புருவரியில் ஹவாய்த் தீவுகளிலே 3.86 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் துவிச்சக்கர வண்டி, 42.195 கிலோமீற்றர் ஓட்டம் என்று ஒரே நாளில் நடத்தினார்கள். இறங்கியோர் 15 பேர், முடித்தோர் 12 பேர். 2000ஆம் ஆண்டு சிட்னியில், மிகக் குறைந்த தூரங்களோடு, ஒலிம்பிக்கிலே இடம்பெற்றது. 2018இல் கொழும்புக்கும் வந்தது, அங்கே 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் வண்டி, 21.1 கிலோமீற்றர் ஓட்டம்.

மூன்றிலும் நீச்சலே குறுகிய பகுதி. அதனால் அதனை அற்பமென எண்ணுவோர் பலர். அமெரிக்க மருத்துவர்கள் 1985 முதல் 2016 வரை அந்நாட்டு முப்போட்டிகளிலே நிகழ்ந்த மரணங்களையும் இருதய நிறுத்தங்களையும் ஆராய்ந்தார்கள். மொத்தம் 135. அவற்றுள் 90 நீச்சலின்போது நிகழ்ந்தவை. வண்டியில் 22, ஓட்டத்தில் 15. பாதிக்கப்பட்டோரின் சராசரி வயது 47 அளவில், பெரும்பாலோர் ஆடவர். என் வயதையும் ஆசிரியரின் வயதையும் நினைத்தபோது இவ்வெண்கள் என்னை உறங்கவிடவில்லை.

அவரிடம் நான் கூறியவற்றை நேயர்களாகிய உங்களுக்கும் கூறலாம். முதலில் மருத்துவரிடம் இருதயத்தைக் காட்டுங்கள். காய்ச்சல் கண்ட கிழமையில் இறங்காதீர்கள். நீச்சற் குளத்திலே 1,900 மீற்றர் நீந்தினேன் என்று மகிழாதீர்கள். 25 மீற்றர்க் குளமாயின் அதிலே 75 தடவை சுவரை உதைத்துத் திரும்பி இளைப்பாறியிருப்பீர்கள். கடலிலே சுவருமில்லை, அடியிலே வழிகாட்டும் கோடுமில்லை. சில கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கிக் கரையிலுள்ள பனையையோ கோபுரத்தையோ குறிபார்க்கப் பழக வேண்டும். தொடக்கத்திலே முண்டியடிக்கும் கூட்டத்தோடு பாயாமல், சில நிமிடம் முன்னதாகவே நீரில் நின்று மூச்சைச் சீராக்கி, ஓரமாகப் புறப்படுங்கள். மூச்சுத் திணறினால் மல்லாந்து மிதவுங்கள். அதனால் மானம் போய்விடாது. வண்டியிலிருந்து இறங்கியதும் கால்கள் பிறருடையன போலத் தோன்றும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் வண்டியோட்டம் முடிந்த கையோடு சிறிது தூரம் ஓடிப் பழகுங்கள். உணவை வெப் செய்தவாறு சிறுகச் சிறுக உண்ணுங்கள்; பயிற்சியிலே உண்டறியாததைப் போட்டி நாளில் வாயிலிடாதீர்கள். நீர் மிகுதியாகக் குடிப்பதும் இரத்தத்திலுள்ள உப்பைக் குறைத்துத் தீங்கு விளைக்கும். எங்கள் வெயிலில் உப்பிட்ட கஞ்சித் தண்ணீரை நான் குறை சொல்லமாட்டேன்.

மாணவர் விடயத்தில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கடலுக்கு அனுமதி தரவில்லை, கழிக்குத் தந்தேன். பெற்றோரை அழைத்தேன். சுனாமியிலே பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் நெடுநேரம் மௌனமாயிருந்து, "தோணியில ஆர் நிப்பினம்?" என்று மாத்திரம் கேட்டார். அனுபவமிக்க மீனவர் ஒருவர் தோணியிலே நிற்கவும், அவர் சிவப்புத் துணியை உயர்த்தியதும் எவரும் மறுபேச்சின்றிக் கரையேறவும் ஒப்பந்தமாயிற்று. அதிபராகிய நானும் அத்துணிக்குக் கட்டுப்பட்டவனே. முதல் மாதம் முழுவதும் ஒருவரும் தூரம் நீந்தவில்லை. கரையோரத்து இடுப்பளவு நீரிலே மல்லாந்து மிதக்கவே பழகினோம். ஐம்பது வயதைக் கடந்த நான் நான்காம் சனிக்கிழமைதான் கால் தரையிற் படாமல் மிதந்தேன். மாணவர் நால்வரும் அதற்கு முன்பே தேறிவிட்டனர். ஆசிரியர் இன்னும் தலை தூக்கிக் குறிபார்க்கும்போது இடப்பக்கம் சாய்கிறார். அந்தத் தாய் இப்போதும் சனிதோறும் கரையிலே வந்து நிற்கிறார். சிவப்புத் துணி இதுவரை இருமுறை உயர்ந்திருக்கிறது.