கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகள்: மலுக்கு வரலாறு நமக்குக் கற்பிப்பவை



நெய்ச்சோற்றில் இடும் கிராம்பும், பச்சிளங்குழந்தைக்கு உரைகல்லில் இழைத்துப் புகட்டும் ஜாதிக்காயும் நம் வீடுகளில் என்றும் இருப்பவை. ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன்புவரை இவ்விரண்டும் உலகின் ஒரே ஒரு மூலையிலிருந்துதான் வந்தன. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, சுலவேசிக்கும் நியூ கினிக்கும் இடையே நூற்றுக்கணக்கான தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் மலுக்குத் தீவுக்கூட்டமே அந்த மூலை. அங்கு வாழ்ந்தவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களுக்கு நேர்ந்ததை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மைப் பணிக்கிறது. கால்களால் செல்ல இயலாத இடத்துக்கு வரலாற்றின் வழியே செல்வோம்.

எரிமலைகளின் மடியில்

தெர்னாத்தே, திதோரே ஆகிய இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் எரிமலைத் தீவுகள். இரண்டின் சிகரங்களும் 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. எரிமலைச் சாம்பல் படிந்த மண், ஆண்டு முழுதும் பெய்யும் மழை, கடற்காற்று ஆகியவற்றின் அருளால் அச்சரிவுகளில் கிராம்பு மரம் செழித்தது. நாம் கிராம்பு என்பது அம்மரத்தின் மலராத மொட்டு. மொட்டு சிவக்கத் தொடங்கும் வேளையில் பறித்து வெயிலில் உலர்த்துவர்.

தெற்கே, கடலின் நடுவே தனித்துக் கிடக்கிறது பண்டா என்னும் சிறு தீவுத் தொகுதி. ஜாதிக்காயின் தாயகம் அதுதான். ஓங்கி வளர்ந்த கெனாரி மரங்களின் நிழலில் ஜாதி மரங்கள் நிற்கும். முற்றிய மஞ்சள் நிறக் கனி தானே வெடிக்கும்போது, உள்ளே கருநிறக் கொட்டையைச் செந்நிற வலைபோல் ஜாதிபத்திரி சுற்றியிருப்பது தெரியும். ஒரே கனியில் இரு நறுமணப் பொருள்களை வைத்தவன் அல்லாஹ். அவ்வருட்கொடையே அம்மக்களுக்குப் பெரும் சோதனையாகவும் அமைந்தது.

இஸ்லாத்தின் வருகை

வாளேந்திய படை எதுவும் இத்தீவுகளுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவரவில்லை. ஜாவாவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் வந்த வணிகர்களின் வழியே, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது அங்கு வேரூன்றியது. தெர்னாத்தேயில் சுல்தான் என்னும் பட்டம் பூண்ட முதல் மன்னர் ஜைனுல் ஆபிதீன் என்றும், அவர் ஜாவாவின் கிரி என்னும் ஊருக்குச் சென்று மார்க்கக் கல்வி பயின்றார் என்றும் அவர்களின் மரபு கூறுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபே அத்தீவுகளிலும் நிலைபெற்றது.

சோழமண்டலக் கரைக்கும் அத்தீவுகளுக்கும் வணிகத் தொடர்பு இருந்தது. கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈடாகத் தீவினர் விரும்பி ஏற்றவற்றுள் நம் கரையில் நெய்த துணிகள் முதன்மையானவை. ஒல்லாந்தர் பழவேற்காட்டில் தளம் அமைத்து, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதற்கு முக்கியக் காரணமும் அத்துணிகளே.

வாக்குறுதியும் வஞ்சகமும்

1512இல் போர்ச்சுகீசியர் தெர்னாத்தே வந்தடைந்தனர். அப்போது தெர்னாத்தேயும் திதோரேயும் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்தன. தெர்னாத்தே போர்ச்சுகீசியரை அழைத்துக்கொண்டது. திதோரே 1521இல் வந்த ஸ்பானியரை வரவேற்றது. ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத இரு சகோதர அரசுகள், ஒன்றையொன்று வெல்வதற்காக அந்நியரைத் தம் வாசலுக்கு அழைத்த கதை இது.

1570இல் தெர்னாத்தேயின் சுல்தான் ஹைருன், சமாதானம் பேசி முடித்த பின்னர், போர்ச்சுகீசியரின் கோட்டைக்குள்ளேயே குத்திக் கொல்லப்பட்டார். அவர் மகன் பாபுல்லாஹ் அக்கோட்டையை ஐந்தாண்டுகள் முற்றுகையிட்டார். 1575இல் போர்ச்சுகீசியர் சரணடைந்தனர். தந்தையைக் கொன்றவர்களின் கூட்டம் கைக்குள் அகப்பட்டபோதும், அவர்கள் உயிருடன் வெளியேற அவர் வழிவிட்டார். வெற்றியின் வேளையில் வரம்பு மீறாமை எத்துணை அரிது என்பதை வரலாறு படித்தோர் அறிவர். இன்று தெர்னாத்தேயின் விமான நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பண்டாவின் பேரழிவு

பண்டாவில் மன்னர் இல்லை. ‘ஒராங் காயா’ எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசியே முடிவெடுத்தனர். அவர்கள் ஜாவானியர், மக்காசரியர், ஆங்கிலேயர் எனப் பலருடனும் வணிகம் செய்தனர். 1602இல் தோன்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியோ, தனக்கு மட்டுமே, தான் வைக்கும் விலைக்கே விற்க வேண்டும் என்று ஒப்பந்தங்களைத் திணித்தது. உணவுப் பொருளுக்கு வெளியிலிருந்து வரும் கப்பல்களை நம்பியிருந்த தீவினரால் அதற்குக் கட்டுப்பட இயலவில்லை. பகை வளர்ந்தது. 1609இல் ஒல்லாந்துத் தளபதி ஒருவரும் அவருடன் வந்தோரும் தீவினரால் கொல்லப்பட்டனர்.

1621இல் கம்பெனியின் ஆளுநர் யான் பீட்டர்ஸூன் கூன் பெரும்படையுடன் வந்தார். செலாமோன் என்னும் ஊரின் பள்ளிவாசலையே ஒல்லாந்தர் தம் தங்குமிடமாக ஆக்கிக்கொண்டனர். ஓர் இரவில் அங்கு தொங்கிய விளக்கு ஒன்று அறுந்து விழுந்தது. அவ்வோசையைத் தாக்குதலுக்கான அடையாளம் என எண்ணிப் படையினர் கலவரம் அடைந்தனர். அதன் பின்னர் தீவெங்கும் வேட்டை தொடங்கியது. மே 8ஆம் நாள் 44 ஊர்ப் பெரியவர்கள் கோட்டையருகே அடைக்கப்பட்டு, கூலிப்படையாக வந்த ஜப்பானிய வாள்வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்டனர். சுமார் 15,000 பேர் வாழ்ந்ததாகக் கணிக்கப்படும் தீவுகளில் எஞ்சியோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். பலர் பசியால் மாண்டனர். பலர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். நிலம் 68 தோட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, அடிமைகளின் உழைப்பால் ஜாதிக்காய் பறிக்கப்பட்டது.

தப்பியவர்களில் சிலர் படகேறி கேய் தீவுகளை அடைந்தனர். பண்டா எலி, பண்டா எலாத் என்னும் ஊர்களில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் முஸ்லிம்களாக வாழ்கின்றனர். பண்டாத் தீவுகளிலேயே மறைந்துபோன பண்டா மொழி அவ்வூர்களில் பேசப்பட்டு வருகிறது.

மரத்தை வெட்டக் கூலி

கிராம்புத் தீவுகளுக்கு நேர்ந்தது வேறு வகை அழிவு. விலை குறையக் கூடாது என்பதற்காக, அம்போனும் அதன் அருகிலுள்ள சில தீவுகளும் தவிர்த்து, ஏனைய இடங்களிலெல்லாம் கிராம்பு மரங்களை வெட்டி வீழ்த்தக் கம்பெனி முடிவு செய்தது. 1652இல் தெர்னாத்தேயின் சுல்தான் மந்தர் ஷா, ஆண்டுதோறும் பணம் பெற்றுக்கொண்டு அதற்கு ஒப்பமிட்டார். தீவினரையே துடுப்பு வலிக்கச் செய்து, படகுப் படைகள் தீவுதீவாகச் சென்று மரங்களை அழித்தன. அரசருக்குப் பணம் கிடைத்தது. மரத்தை நம்பி வாழ்ந்த குடியானவனுக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை.

இத்தனை காவலையும் மீறி, 1770ஆம் ஆண்டளவில் பியேர் புவாவ்ர் என்னும் பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் நாற்றுகள் மொரீஷியஸ் தீவுக்குக் கடத்தப்பட்டன. பின்னர் கிராம்பு ஸான்ஸிபாருக்குச் சென்றது. அங்கே தோட்ட முதலாளிகளாக இருந்தவர்கள் அரபு முஸ்லிம்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அநீதியைப் பிறர் செய்தால் கண்டிப்பதும், நம்மவர் செய்தால் மறைப்பதும் முஃமினுக்கு அழகன்று. நமக்கோ நம் பெற்றோருக்கோ எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு நாம் கட்டளையிடப்பட்டிருக்கிறோம்.

இன்றும் வாழும் மரபுகள்

மலுக்கு மக்களிடம் ‘சாசி’ என்றொரு வழக்கம் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குக் கடலின் ஒரு பகுதியில் மீன் பிடிப்பதும், தோப்பில் காய் பறிப்பதும் தடை செய்யப்படும். மீனும் காயும் பெருகிய பின்னரே தடை நீங்கும். முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இத்தடையைப் பள்ளிவாசல் வழியே அறிவிக்கின்றனர். கிறிஸ்தவ ஊர்களில் தேவாலயம் வழியே அறிவிக்கின்றனர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே மேய்ச்சல் நிலத்தை ‘ஹிமா’ எனக் காத்ததையும், மதீனாவின் எல்லைக்குள் மரம் வெட்டுவதைத் தடுத்ததையும் அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

‘பெலா’ என்பது மற்றொரு வழக்கம். வெவ்வேறு ஊர்கள், பல இடங்களில் ஒரு முஸ்லிம் ஊரும் ஒரு கிறிஸ்தவ ஊரும், உடன்பிறப்புகள் என உறுதி பூண்டு, பள்ளிவாசல் கட்டவும் தேவாலயம் கட்டவும் ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பர். 1999இல் மூண்ட மதக் கலவரம் இவ்வுறவையும் உலுக்கியது; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 2002 பிப்ரவரியில் மலினோ உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பின்னர் உடைந்த உள்ளங்களை இணைக்க அம்மக்கள் நாடியவற்றுள் அந்தப் பழைய பெலா உறவும் ஒன்று. பல தலைமுறைகள் பேணிய அண்டை உறவும் சில நாள் வதந்தியில் எரிந்துபோகக்கூடும் என்பதையும், அதை மீட்கப் பல்லாண்டுகள் ஆகும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

நாம் பெற வேண்டியவை

அன்பிற்குரிய பெற்றோர்களே! பண்டாவை அழித்தது பொருளைப் பதுக்கி விலையை ஏற்றும் பேராசை. இஹ்திகார் எனும் அப்பதுக்கலை நபி (ஸல்) அவர்கள் பாவம் என எச்சரித்துள்ளார்கள். கம்பெனி செய்தது பெரிய அளவில். கடையில் நாம் செய்தால் சிறிய அளவில். செயலின் இயல்பு ஒன்றே. எனவே வணிகம் பழகும் நம் மகனுக்கு இலாபக் கணக்கைக் கற்பிக்கும் முன் அளவையிலும் விலையிலும் நேர்மையைக் கற்பிப்போம்.

சகோதரர்களுக்கிடையிலான பிணக்கைத் தீர்க்க வெளியாரின் பலத்தை நாடினால், முடிவில் இருவர் உரிமையும் பறிபோகும் என்பதைத் தெர்னாத்தேயும் திதோரேயும் நமக்கு உணர்த்துகின்றன. நம் ஜமாஅத்துகளின் சச்சரவுகளை எண்ணிப் பார்க்கும் ஒவ்வொருவரும் இதன் பொருளை அறிவோம்.

மரம் நடுவதை, அதன் கனியைப் பறவை உண்டாலும் நட்டவனுக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அன்று வெட்டி வீழ்த்தப்பட்ட கிராம்பின் இனம் இன்று நம் கன்னியாகுமரி மாவட்ட மலைகளில் தழைத்து, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மனிதன் பூட்டி வைக்க முயன்ற ரிஸ்கை அல்லாஹ் தான் நாடிய இடமெல்லாம் விரித்துக் கொடுத்தான்.

அநீதியால் உயிரிழந்த அம்முன்னோர்களுக்கு மறுமையில் உயர்ந்த பதவியையும், நம் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும், அண்டை அயலாருடன் அமைதியையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.