செடி நடவும் ஒரு டிகிரியா? - குலசேகரத்துப் பச்சையின் கதை

குலசேகரத்தில் எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே பஞ்சாயத்து. பிள்ளை ஐந்து வருஷம் பி.ஆர்க் படித்து முடித்துவிட்டாள். அடுத்து இரண்டு வருஷம் எம்.ஆர்க், அதுவும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்பாவுக்கு ரப்பர்தான் வருமானம். மழை விடாமல் பெய்தால் பால்வெட்டு கிடையாது, ஷீட் விலை இறங்கினால் மிச்சமும் கிடையாது. இந்த நிலைமையில் இன்னும் இரண்டு வருஷச் செலவா என்று வீடே யோசிக்கிறது. வீட்டுப் பெரியவர் ஒருத்தர் கேட்டே விட்டார்: "மக்ளே, செடி நடுகதுக்கும் ஒரு டிகிரியா?"

நல்ல கேள்விதான். வீட்டில் உட்கார்ந்து சொன்ன பதிலை விட இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கட்டிடக்கலை எனக்குத் தொழில் இல்லை. ஊர் வரலாறு என்றால் சோறு தண்ணி மறக்கிற ஆள், அவ்வளவுதான். பதில் ஊர் வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் படிப்பின் கதை. 1858ல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்கான போட்டியில் ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் இருவரும் சேர்ந்து போட்ட வரைபடம் ஜெயித்தது. இன்றைக்கு அந்தப் பூங்காவைப் பார்க்கிறவர்கள், நகரம் வளர்ந்தபோது பழைய காட்டில் ஒரு துண்டை அப்படியே விட்டுவைத்தார்கள் என்றுதான் நினைப்பார்கள். கிடையாது. பாறையும் சதுப்புமான இடத்தை வெட்டி, நிரவி, ஏரி தோண்டி, மரம் நட்டு உண்டாக்கியது அது. அதற்காக அங்கே குடியிருந்தவர்களை 1857க்குள் காலி செய்தார்கள். செனகா வில்லேஜ் என்ற கறுப்பின மக்களின் ஊரே இல்லாமல் போனது. இயற்கை போலத் தெரிவதற்குப் பின்னால் எத்தனை பேர் கை இருக்கிறது பாருங்கள். 1900ல் ஹார்வர்டில் இதற்கென்றே தனிப் பாடத்திட்டம் தொடங்கினார்கள்.

நம் நாட்டுக்கு முதுநிலைப் படிப்பாக இது வர 1972 ஆனது. தில்லியில் உள்ள ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சரில்தான் ஆரம்பம். அங்கே பல காலம் பாடம் சொன்ன முகமது ஷஹீர் (2015ல் காலமானார்) வடிவமைத்ததுதான் தில்லியின் சுந்தர் நர்சரி. பிரிட்டிஷ் காலத்தில் புது தில்லிக்குச் செடி வளர்த்துக் கொடுத்த நாற்றுப் பண்ணை, 2018ல் பெரிய பொதுப் பூங்காவாகத் திறந்தது. இந்தத் துறைக்காரர்களின் சங்கம் 'இசோலா' தொடங்கியதோ 2003ல்தான். நம்மூரில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. ஆக, பெரியவர் இதைக் கேள்விப்படாததில் ஆச்சரியமே இல்லை. படிப்பே நம் நாட்டில் ஐம்பது சொச்சம் வருஷத்துப் பிள்ளை.

இப்போது குலசேகரத்துக்கு வருவோம்.

திற்பரப்பு அருவிக்கு வருகிற வெளியூர் நண்பர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "உங்க ஊர்ல இயற்கை அழகு கொட்டிக் கிடக்கு!" எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் பார்க்கிற பச்சையில் பெரும்பங்கு ரப்பர். அது அமேசான் காட்டு மரம். 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரிலும் தோட்டமாயின. கீரிப்பாறை, மணலோடைப் பக்கத்து அரசுத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நிறையப் பேர், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள். ஆக மரம் பிரேசில், பாதை லண்டன், வெட்டிய கை மலையகம். இதைத்தான் நாம் "இயற்கை" என்கிறோம்!

தண்ணீரும் அப்படித்தான். பேச்சிப்பாறை அணை 1897ல் ஆரம்பித்து 1906ல் முடிந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை இன்றும் அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. கோதையாற்றை இங்கே மலையடிவாரத்தில் தேக்கி, கிழக்கே நாஞ்சில் நாட்டு வயலுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுப் பக்கம் திருப்பியது பாண்டியன்கால். பெயரே யாரைச் சொல்கிறது பாருங்கள். ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றின் வடிநிலத்துக்குத் தள்ள, நிலத்தின் ஏற்ற இறக்கம் விரல் நுனியில் இருக்க வேண்டும். அன்றைக்கு அதை அளந்தவனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது?

மேற்குப் பக்கத்துக்குத் தண்ணீர் வர வெகுநாள் ஆனது. 1956 நவம்பர் 1ல் தமிழ்நாட்டோடு சேர்ந்து, காமராஜர் ஆட்சியில் திட்டம் போட்டு, 1960களில் மாத்தூர் தொட்டிப்பாலம் எழும்பியது. பறளியாற்றுக்கு மேலே, இந்த மலைக்கும் அந்த மலைக்குமாக, 28 தூண், சுமார் 115 அடி உயரம். இன்றைக்கு அது செல்ஃபி எடுக்கிற இடம். ஆனால் அது ஒரு வாய்க்கால். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் தண்ணீர் எட்டாத நிலத்துக்காக அந்தரத்தில் நடக்கிற வாய்க்கால்.

இந்தப் படிப்பில் முதல் வேலையே ஓர் இடத்தை 'வாசிப்பது' என்கிறார்கள். இயான் மெக்ஹார்க் என்பவர் 1969ல் எழுதிய 'டிசைன் வித் நேச்சர்' இவர்களுக்கு வேதம் மாதிரி. அடியில் பாறை, அதன் மேல் மண், தண்ணீர், செடி, விலங்கு, மனுஷன் என்று அடுக்கடுக்காக வரைபடம் போட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எதை எங்கே கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டும் என்றார். அட, நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மரம், விலங்கு, தொழில், உணவையெல்லாம் கருப்பொருள் என்றும் தமிழ் இலக்கணம் அடுக்கி வைத்திருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்காக "எல்லாம் நாம்தான் முதலில் கண்டுபிடித்தோம்" என்று கிளம்ப மாட்டேன். அது கவிதைக்கான இலக்கணம், இது கட்டுமானத்துக்கான முறை. ஆனால் பார்க்கிற கண் ஒன்றுதான்.

அந்தக் கண் எங்கள் ஊர்ப் பேச்சிலும் உண்டு. மேட்டு நிலத்துத் தோட்டம் 'விளை'. இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளத்தில் நீண்டு கிடக்கும் நெல்வயல் 'ஏலா'. சின்னப் பாறைக்குன்று 'பொற்றை'. 'கோடு' என்றால் மலை, மேடு. விளை என்ற பெயரைக் கேட்டதும் தண்ணீர் நிற்காத இடம் என்றும், ஏலா என்றதும் மழைத்தண்ணீர் வந்து சேரும் இடம் என்றும் எங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். இப்போது ஏலாவில் வாழை வந்தது, ரப்பர் வந்தது, பிறகு மண்ணடித்து வீடும் வந்தது. 2021 நவம்பர் வெள்ளத்தில் மாவட்டம் முழுக்கத் தண்ணீர் புகுந்தபோது அது புதுசாக வழி தேடவில்லை, பழைய வழியில்தான் வந்தது. 2017 நவம்பர் 30ல் ஒக்கி அடித்தபோது ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததையும் பார்த்தோம். ஒரே மரத்தை நம்பி நிற்கிற மலைக்கு ஒரே ராத்திரி போதும்.

இன்னொரு ஆளைச் சொல்லாமல் விட முடியாது. இலங்கையில் ஜெஃப்ரி பாவா என்ற வக்கீல் 1940களின் கடைசியில் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதைத் தன் மனசில் இருந்த மாதிரித் தோட்டமாக மாற்றப் பார்த்தார். படிப்பறிவு போதவில்லை என்று புரிந்தது. லண்டன் போய்க் கட்டிடக்கலை படித்து 1957ல் தேறினார், வயசு 38! 'லுனுகங்கா' என்ற அந்தத் தோட்டத்தை 2003ல் சாகும்வரை செதுக்கிக்கொண்டே இருந்தார். உலகம் முழுக்க மாணவர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். ரப்பர் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்த குலசேகரத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே தேட?

ஆகவே பெரியவருக்கு என் பதில்: செடி நடுவதற்கு டிகிரி வேண்டாம். எந்தச் செடியை எங்கே நடக்கூடாது, எந்தப் பள்ளத்தில் மண்ணடிக்கக்கூடாது, தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஆபீசர் முன்னால் வரைபடத்தை விரித்துச் சொல்லத்தான் டிகிரி வேண்டும். ஏலா என்று பாட்டி சொன்னால் கேட்க ஆள் இல்லை. அதையே காண்டூர் கோடு போட்டுக் காட்டினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பணக்கஷ்டம் உண்மை, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் ஓட்டு பிள்ளைக்குத்தான். படித்துவிட்டு ரிசார்ட்டுக்குப் புல்வெளி போடப் போனாலும் தப்பில்லை, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு தடவையாவது குலசேகரத்துக்கும் ஒரு வரைபடம் போடணும், அவ்வளவுதான்.

சரி நண்பர்களே, விளை, ஏலா, பொற்றை மாதிரி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உங்கள் ஊரில் என்னென்ன பெயர்கள்? தாத்தா பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பெயர் போனால் பள்ளமும் போய்விடும்.