குண்டு விழுந்த தூரம்

1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை விலைபோனபோது நிலத்தை அளக்கச் சங்கிலி வரவில்லை, பீரங்கி வந்தது.

அப்போது செஞ்சியில் இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். முகலாயப் படை தெற்கே இறங்கிக்கொண்டிருந்த நேரம். அவருக்குப் பணம் வேண்டும். சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கோ இந்தக் கரையில் இன்னொரு கோட்டை வேண்டும். கெடிலம் ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், வணிகர் ஒருவர் கட்டி மராட்டியர் கைக்கு வந்திருந்த சிறு கோட்டை இப்படிக் கைமாறியது. சுற்றியுள்ள நிலமும் விலையில் சேர்த்தி. எதுவரை? கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை.

சென்னையில் தலைவராக இருந்த எலிஹூ யேல் நல்ல பித்தளைப் பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். மருந்தை எப்படி நிரப்பி, குழாயை எவ்வளவு உயர்த்திச் சுட்டால் குண்டு அதிக தூரம் போகும் என்பது பீரங்கிக்காரனின் கைத்திறமை என்று குறிப்பும் போயிற்று. பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய வட்டத்துக்குள் கடலூர் பட்டினமும் அகப்பட்டது. உள்ளே விழுந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நின்றுவிட்டது. கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தார்கள்.

நான் நில அளவைத் துறையில் செயின்மேனாகச் சேர்ந்து சர்வேயராக ஓய்வுபெற்றவன். இந்த வட்டாரத்தின் வரப்புகளிலேயே என் உத்தியோகம் கழிந்தது. அதனால் இந்தக் கதையை மற்றவர்கள் வேடிக்கையாகச் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. குண்டு விழும் தூரம் என்பது மருந்தின் ஈரம், குண்டின் எடை, குழாயின் கோணம், கடற்காற்றின் வேகம் எல்லாம் கூடித் தீர்மானிப்பது. அதை எல்லை என்று எழுதி, அதற்குள் உழுதுகொண்டிருந்தவனையும் வலை உலர்த்திக்கொண்டிருந்தவனையும் சேர்த்து விற்றார்கள். காலையில் செஞ்சிக்கு வரி கட்ட வேண்டியவன், வெடிச்சத்தம் அடங்கியதும் கம்பெனிக்குக் கட்ட வேண்டியவனானான். அவனை யாரும் கேட்கவில்லை. ஓர் இடத்தைக் குறிப்பது என்றால் அதன்மேல் உரிமை கொள்வது என்றுதான் இந்தக் கரையில் வெகுகாலம் பொருளாக இருந்தது.

கோட்டையின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1746இல் சென்னையை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடம் இங்கே வந்தது. ராபர்ட் கிளைவ் 1756இல் இதன் கவர்னர். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை பிடித்து, மதில்களைத் தகர்த்தது. பிறகும் இரண்டு முறை கைமாறி 1785இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. அதற்குள் அவர்களுடைய கவனமெல்லாம் சென்னைக்குப் போய்விட்டிருந்தது. இன்று தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரைக்கு வருகிறவர்களில் மிகச் சிலரே ஆற்றோரம் மிஞ்சியிருக்கும் சுவர்களைப் பார்க்கத் திரும்புகிறார்கள்.

பீரங்கி முழங்கி ஒரு நூற்றாண்டுக்குச் சற்று அதிகமான பிறகு இதே பகுதிக்கு வேறு ஓர் அளவுக்காரர் வந்தார். வில்லியம் லாம்டன். மைசூர்ப் போரில் இருந்த ராணுவ அதிகாரி; ஆனால் நான் அவரை எங்கள் தொழிலின் மூத்தவர் என்றே நினைப்பேன். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலைக்கு அருகே நூறடி எஃகுச் சங்கிலியை விரித்து, சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப் பெட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, வெப்பமானி வைத்துக் கணக்கெழுதினார்கள். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாகக் கரையோரம் தெற்கே இறங்கி அவர் வந்து சேர்ந்த இடம் நம் திருவந்திபுரம் மேடு. தேவனாம்பட்டினத்திலிருந்து கெடிலத்தோடு மேற்கே போனால் வருகிற அதே திருவந்திபுரம். அங்கே இரவில் நட்சத்திரங்கள் உச்சியைக் கடப்பதைப் பார்த்து அந்த இடத்தின் அட்சரேகையைக் கணக்கிட்டார்: வடக்கு 11 பாகை 44 கலை 52.59 விகலை. முக்கோணத் தொடரின் வடக்கு முனையிலிருந்த இன்னொரு நிலையத்தின் அட்சரேகையிலிருந்து இதைக் கழித்துப் பார்த்துத்தான், வடக்கு-தெற்காக ஓடும் நெடுக்கை வில் ஒன்று இந்தியாவில் அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது. பூமி எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டையானது என்ற கேள்விக்கு ஒரு முனை திருவந்திபுரத்தில் கிடக்கிறது.

அந்த எண்ணை ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு விகலை தரையில் ஏறக்குறைய முப்பத்தோரு மீட்டர். அதில் நூறில் ஒரு பங்கு என்றால் ஓர் அடி. நூறு வருடம் முன்பு காற்றடித்தால் மாறிப்போகிற எல்லை இருந்த ஊரில், ஒருவர் ஓர் அடி அளவுக்குக் கணக்கெழுதுகிறார். கோணம் அளக்க அவர் வைத்திருந்த பெரிய தியோடலைட் அரை டன் எடை. லண்டனிலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு அறிவியல் கருவி என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு தவறிக் கருவி அடிபட்டது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து, நெளிந்த வட்டத்தைத் தாமே சரிசெய்தார். அந்த உழைப்பின்மேல் எனக்குள்ள மதிப்பு குறையாது. ஆனாலும் அவருடைய முக்கோணங்களின்மேல்தான் பிறகு வரிக்கான வரைபடங்கள் எழுந்தன என்பதையும் மறைக்க முடியாது.

அந்த வரைபடங்களின் கடைசிப் படியில் நாங்கள் நின்றோம். சர்வே கல் தேடுவது எப்படி என்று வெளியே பலருக்குத் தெரியாது. இரண்டு பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு என்றால், எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை விரிப்போம். தெரிந்த ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குக் கோடு. கோட்டில் இத்தனை லிங்க் போய், கிராஸ் ஸ்டாஃப் வைத்துச் செங்குத்தாகத் திரும்பி, இத்தனை லிங்க் ஆப்செட். நூறு லிங்க் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. அந்த இடத்தில் செயின்மேன் கடப்பாரையால் குத்துவான். சேறும் வேரும் தாண்டி ‘ணங்’ என்று ஒரு சத்தம் வரும். யார் நட்டது, எந்தக் காலத்தில் என்று தெரியாத ஒரு கல், காகிதம் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே இந்த வேலையை விடாமல் பார்த்தேன். சுற்றி நிற்கும் பங்காளிகள் முகத்தில்தான் ஒருவருக்குச் சந்தோஷமும் மற்றவருக்கு இடியும் இறங்கும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் தேடுவதற்குக் கல்லே இல்லை. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன அலை அது. மண்ணைச் சுரண்டியெடுத்த கரையில், உயிரோடு இருந்தவர்களுக்கு மனை பிரிக்க அளவு நாடாவைப் பிடித்தபோது, தன் வீட்டுக் கதவு எங்கே இருந்தது என்று ஓர் அம்மா காலால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். எங்கள் அளவு அவர் கோட்டோடு ஒத்துப்போயிற்று.

கடலுக்குள் போகிறவர்களுக்கு இந்தத் தொழில் எங்களைவிட நன்றாகத் தெரியும். தண்ணீருக்கு அடியில் பாறைப்பாங்கான இடத்தைப் ‘பார்’ என்பார்கள். அங்கேதான் மீன் தங்கும். மேலே எல்லாம் ஒரே தண்ணீர். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “என்ன சார், நீங்க கல்லைப் பார்த்துக் கோடு போடறீங்க, நாங்க கரையைப் பார்த்துப் போடறோம். லைட் ஹவுஸையும் பின்னால இருக்கிற மேட்டையும் ஒண்ணாச் சேர்த்துப் பிடிக்கணும். இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பும் தண்ணி டேங்கும் சேரணும். ரெண்டும் சேர்ந்தா பாரு மேல நிக்கிறோம். கயிறு விட்டா எத்தனை பாகம் ஆழம்னு அது சொல்லிடும்.” கரையிலிருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒரு கோடு, வேறு இரண்டு இன்னொரு கோடு, வெட்டுகிற இடம் பார். பாய்க்கப்பல் காலத்து வழிகாட்டி நூல்களும் இதையே செய்தன. சற்றுத் தெற்கே சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களைக் கரை அடையாளமாக மாலுமிகளுக்குக் குறித்துக் கொடுத்தன. நடராசரைக் கும்பிடாத மாலுமிக்கும் அந்தக் கோபுரங்கள் வழிசொல்லின. இப்போது படகுகளில் ஜி.பி.எஸ். வந்துவிட்டது, ‘பாயிண்ட்’ போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பாயிண்டை மகனுக்குச் சொல்வார்கள். பக்கத்துப் படகுக்குச் சொல்ல மாட்டார்கள். பிழைப்பு அதில் இருக்கிறது.

அந்த ஜி.பி.எஸ்.ஸில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. பொதுமக்கள் கருவி நூறு மீட்டர் வரை தவறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரெகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகருக்கு வெளியே பீவர்கிரீக் என்ற இடத்தில், டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். இடத்தின் எண்களை எல்லோருக்கும் அறிவித்து, வந்து எடுங்கள், எதையாவது வையுங்கள், பெயர் எழுதுங்கள் என்றார். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் கண்டுபிடித்தார். ஜியோகேச்சிங் என்ற விளையாட்டு இப்படிப் பிறந்தது. இன்று உலகமெங்கும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. விண்வெளி நிலையத்தில்கூட 2008இல் ஒன்று வைத்தார்கள்.

எனக்கு இதைக் காட்டியவன் பெங்களூரிலிருக்கும் மகள்வயிற்றுப் பேரன். “தாத்தா, இது உங்க வேலைதான், வாங்க” என்று பூங்காவுக்கு இழுத்துப்போனான். கைபேசி காட்டிய இடத்தைச் சுற்றிக் குனிந்து தேடினோம். ஒரு சிமெண்டு பெஞ்சின் அடியில், காந்தம் ஒட்டிய சிறு டப்பா. உள்ளே சுருட்டிய காகிதம். அதில் ஊர் ஊராக வந்தவர்களின் கையெழுத்தும் தேதியும். பேரன் தன் பெயரை எழுதினான், என் பெயரையும் எழுதினான். பிறகு டப்பாவை எடுத்த இடத்திலேயே ஒட்டிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

ஆயுள் முழுக்க இடங்களைக் கண்டுபிடித்தவனுக்கு அது புதிதாக இருந்தது. நான் கண்டுபிடித்த ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒரு பட்டா இருந்தது, ஒரு வழக்கு இருந்தது. இங்கே இடத்தை அடைகிறோம், பெயரெழுதுகிறோம், அடுத்தவருக்காக அப்படியே வைத்துவிட்டு வருகிறோம். எடுக்கிற பொருளுக்குச் சமமாக ஒன்றை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டக்கூடாது, நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் 161 மீட்டராவது இருக்க வேண்டும். வருகிறவர்கள் கூடிக் குப்பை பொறுக்கும் வழக்கமும் உண்டு. பீரங்கி போட்ட வட்டத்தில் பிறந்த ஊர்க்காரனுக்கு இந்த விதிகள் ஒவ்வொன்றும் பெரியவை.

நம் நாட்டில் இதற்குத் தாமதமாகத்தான் காற்று வீசியது. நான் வேலையில் இருந்தபோது கடலோரத்து நுணுக்க வரைபடங்கள் பொதுமக்கள் கைக்குப் போகாது, அலமாரியில் பூட்டியிருக்கும். 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு வரைபட விதிகளைப் பெரிதும் தளர்த்தியது. இன்றும் கேட்பாரற்ற டப்பாவைப் பொது இடத்தில் பார்த்தால் மக்கள் பயப்படுவார்கள், அது நியாயம்தான். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே தமிழில் எழுதி, உள்ளூரில் நாலு பேருக்குச் சொல்லி வைப்பதே முறை.

நானும் பேரனும் ஒன்று வைக்கப்போகிறோம். வெள்ளிக் கடற்கரையில் கூட்டம் அதிகம், உப்புக்காற்று மூடியைத் தின்றுவிடும் என்பதால், திருவந்திபுரம் பக்கம் ஒரு தனியார் வரப்போரம் பார்த்திருக்கிறோம். இடத்தின் எண்களை நேரடியாகக் கொடுக்கப் போவதில்லை. கோட்டை விலைபோன வருடம், லாலி தகர்த்த வருடம், லாம்டன் கணக்கிட்ட விகலை — இவற்றைத் தெரிந்து கூட்டிக் கழித்தால்தான் எண்கள் வரும். ஆக, தேடுகிறவர் முதலில் தேவனாம்பட்டினத்தின் கதையைப் படித்தாக வேண்டும். விளையாட்டின் தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்து ஏற்க வேண்டியது பாக்கி.

நிலத்துக்காரர் சம்மதித்துவிட்டார். “வெச்சுக்குங்க சர்வேயர் சார். தை அறுப்பு முடியட்டும். அப்புறமும் வரவங்க வரப்போட இடது பக்கமா நடக்கணும், வலது பக்கம் உளுந்து தெளிச்சிருப்பேன்.” அந்த நிபந்தனையை அப்படியே குறிப்பில் எழுதியிருக்கிறோம். மாசி பிறந்ததும் பெட்டி வைக்கிறோம்.