பண்டிகை வந்தாலே 'ஸ்டாக் இல்லை'... கேம் கன்சோல்களை கம்பெனிகளே பதுக்குகின்றனவா?

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, கேம் கன்சோல் கிடைக்காமல் பெற்றோர் கடை கடையாக அலைவது பழைய கதை. கூடவே ஒரு சந்தேகமும் கிளம்பும். 'குடோன்ல பதுக்கி வெச்சுக்கிட்டு, வேணும்னே டிமாண்ட் ஏத்துறாங்களோ?' இது உண்மையா? பார்க்கலாம்.

சந்தேகம் எங்கே வலுத்தது?

நிண்டெண்டோவின் 'வீ' கன்சோல் 2006 நவம்பரில் 249.99 டாலர் விலையில் அமெரிக்காவில் வெளியானது. முதல் கிறிஸ்துமஸுக்கு தட்டுப்பாடு என்றால் புரிந்துகொள்ளலாம். 2007 கிறிஸ்துமஸுக்கும் அதே நிலைதான். 'ஒரு வருஷம் ஆகியும் தயாரிக்க முடியலையா?' என்று பலரும் கேட்டார்கள்.

வேண்டுமென்றே குறைக்கவில்லை, மாதம் சுமார் 18 லட்சம் தயாரிக்கிறோம் என்றது நிண்டெண்டோ. முழுப் பணத்தையும் முன்பே கட்டி டோக்கன் வாங்கினால் ஜனவரிக்குள் கன்சோல் கிடைக்கும் என்ற திட்டத்தையும் கேம்ஸ்டாப் கடைகளில் கொண்டுவந்தது.

2016 நவம்பரில் வந்த 'என்இஎஸ் கிளாசிக்' விஷயத்தில் சந்தேகம் இன்னும் அதிகமானது. மக்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே 2017 ஏப்ரலில் அமெரிக்க விற்பனையை நிறுத்துவதாக அறிவித்து, 2018 ஜூனில் மறுபடி கொண்டுவந்தார்கள்.

பதுக்கினால் கம்பெனிக்கு என்ன லாபம்?

'கிடைக்கலையாம்' என்ற பேச்சே ஒரு விளம்பரம்தான். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. கன்சோலில் லாபம் பெரும்பாலும் குறைவு. 499 டாலர் பிளேஸ்டேஷன் 5-ஐ ஆரம்பத்தில் சோனி நஷ்டத்துக்கே விற்றது. வருமானம் வருவது கேம்கள், சந்தா மூலமாகத்தான். கன்சோல் வாங்காதவர் கேமும் வாங்க மாட்டார். கடைக்கு வெளியே இரட்டை விலைக்கு விற்றாலும், அந்தப் பணம் போவது இடைத்தரகருக்குத்தான்.

அப்போ தட்டுப்பாடு ஏன்?

1. சிப்: பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில், கொரோனா காலத்தில். உலகம் முழுக்க சிப் பற்றாக்குறை. தட்டுப்பாடு தீர்ந்ததாக சோனி அறிவித்தது 2023 ஜனவரியில்.

2. பயம்: எத்தனை விற்கும் என்பதை பல மாதங்கள் முன்பே கணித்து பாகங்களை ஆர்டர் செய்ய வேண்டும். கணக்கு தப்பினால் சரக்கு தேங்கும். 'வீ யூ' கன்சோல் ஒரே நிதியாண்டில் 90 லட்சம் விற்கும் என்று சொன்ன நிண்டெண்டோ, 2014 ஜனவரியில் அதை 28 லட்சமாகக் குறைத்தது.

3. இடைத்தரகர்கள்: 'பாட்' மென்பொருள் மூலம் ஆன்லைனில் வரும் ஸ்டாக்கை நொடிகளில் அள்ளிவிடுகிறார்கள்.

சரக்கை சேர்த்து வைப்பதே இல்லையா?

வைக்கிறார்கள். ஆண்டு இறுதி விற்பனைக்காக சில மாதங்கள் முன்பிருந்தே தயாரித்து குவிப்பது வழக்கம். ஆனால் அது பண்டிகைக்கு விற்பதற்காக. பண்டிகை நேரத்தில் மறைப்பதற்காக அல்ல. கடைகளும் தங்கள் பங்குக்கு நேரம் பார்த்து ஸ்டாக்கை திறக்கின்றன. 2021 நவம்பரில் வால்மார்ட், சந்தாதாரர்களுக்கு மட்டும் முதலில் கன்சோல் விற்றது. வெளியே நிற்பவருக்கு அது பதுக்கல் மாதிரித்தான் தெரியும்.

இப்போது நிலைமை?

தேவைக்கு ஏற்ற அளவு தயாரிப்பதே மறுவிற்பனையைத் தடுக்க சிறந்த வழி என்று நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2024-ல் சொன்னார். 2025 ஜூன் 5-ல் வந்த 'ஸ்விட்ச் 2' நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. அப்படியும் ஜப்பானில் முன்பதிவுக் குலுக்கலுக்கு மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்ததால், எல்லோருக்கும் தர முடியாது என்று அவரே மன்னிப்பு கேட்டார்.

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவிலும் 2021 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 5 முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்தது. கம்பெனி பதுக்குகிறது என்பதைவிட, கணிப்பும் சிப்பும் இடைத்தரகரும் சேர்ந்து தட்டுப்பாட்டை உண்டாக்குகின்றன என்பதே பொருந்தி வருகிறது. 'இப்ப விட்டா கிடைக்காது' என்ற அவசரத்தில் இரட்டை விலை கொடுக்க வேண்டாம். 'வீ' கடைசியில் 10 கோடிக்கும் மேல் விற்றது. காத்திருந்தவர்களுக்கும் கிடைத்தது, அதுவும் கடை விலைக்கே.