எழுத்து காட்டுவதும் மறைப்பதும்: ஆங்கிலத்தில் தமிழ்க் கடன்சொற்கள்

1. ஓர் ஊர்ப்பெயர்

ஐதராபாத் மாநகரின் செகந்திராபாத் பகுதியில் மெட்டுகுடா என்றோர் ஊர் உள்ளது. தெலுங்கு எழுத்தில் இப்பெயர் 'மெட்டுகூட' என அமையும்; அங்குக் ககரத்தின் மேல் வரும் உயிர் நெடில், இறுதி உயிர் குறில். தமிழில் 'மெட்டுகுடா' என எழுதும்போது நெடில் குறிலாகவும் குறில் நெடிலாகவும் தலைமாறி நிற்கின்றன. உயிரின் அளவைக் காட்டாத ஆங்கில எழுத்துவடிவத்தின் வழியே பெயர் வந்தமையே இதற்குக் காரணம் எனலாம். தெலுங்கிலிருந்து தமிழுக்கு நேராக வந்திருப்பின் இத்திரிபு நேர்ந்திராது.

ஆங்கில எழுத்து இவ்வாறு சிலவற்றை மறைப்பினும், வேறு சிலவற்றைக் காட்டவும் செய்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலம் புகுந்த சொற்களை, அவற்றில் பொதுவாக வரும் எழுத்துகளின் அடிப்படையில் தொகுத்து நோக்கின், தமிழ் நெடுங்கணக்கு எழுதிக்காட்டாத ஒலிப்புமுறை அவற்றில் பதிந்திருப்பது புலனாகும்.

2. வல்லினமும் ஆங்கில எழுத்தும்

தமிழ் வல்லெழுத்து ஒவ்வொன்றும் இடத்திற்கேற்ப ஒலிப்பிலா ஒலியாகவும் ஒலிப்புடை ஒலியாகவும் வரும். மொழி முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பிலா ஒலி. மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கிடையிலும் ஒலிப்புடை ஒலி அல்லது உரசொலி. இடமே ஒலியை உணர்த்துவதால் தனி எழுத்துத் தேவைப்படவில்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இதனைத் திராவிட மொழிகளின் ஒரு விதியாக விளக்கினார்.

இவ்விதி நூலில் எழுதப்படுவதற்கு முன்பே கடலோடிகளும் வணிகரும் தம் காதில் விழுந்தவாறு அதனைப் பதிந்துவிட்டனர். 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இடம்பெற்ற கட்டுமரம் என்னும் சொல்லில் இரட்டித்த டகரம் ஆங்கில வரிசையின் 20ஆம் எழுத்தால், அதாவது ஒலிப்பிலா எழுத்தால், குறிக்கப்பட்டது. சுருட்டு 'செரூட்' ஆனபோதும் அவ்வெழுத்தே வந்தது. பந்தல், குருந்தம் ஆகியவற்றில் நகரத்தை அடுத்த தகரத்திற்கோ 4ஆம் எழுத்தாகிய ஒலிப்புடை எழுத்து வந்தது. கஞ்சியின் சகரம் ஜி, ஜே என்னும் எழுத்துகளுள் ஒன்றால் எழுதப்பட்டது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனபோது இருவகையும் ஒரே சொல்லில் அமைந்தன: உயிர்களுக்கிடையே நின்ற ககரம் 7ஆம் எழுத்தையும், இரட்டித்த தகரம் 20ஆம் எழுத்தையும் பெற்றன.

எனினும் இச்சான்றுக்கு எல்லை உண்டு. கட்டுமரத்தின் டகரத்தையும் மிளகுத்தண்ணீரின் தகரத்தையும் ஒரே ஆங்கில எழுத்தே குறிக்கிறது. ஒலிப்பு வேறுபாட்டைக் காட்டும் அவ்வெழுத்து, ஒலி பிறக்கும் இடத்தையும் உயிரின் அளவையும் காட்டுவதில்லை.

3. விலக்குப்போல் தோன்றும் ஒரு சொல்

பாளையக்காரர் என்பதில் ககரம் இரட்டித்துள்ளது. மேற்கண்ட முறைப்படி ஆங்கிலத்தில் ஒலிப்பிலா எழுத்து வரவேண்டும். ஆனால் 'பாலிகர்' என்னும் ஆங்கில வடிவம் 7ஆம் எழுத்தாகிய ஜியையே கொண்டுள்ளது. இவ்வடிவம் தமிழோடு ஒத்துச்செல்லாமல், ஒலிப்புடைக் ககரம் கொண்ட தெலுங்கு, கன்னட, மராட்டி வடிவங்களோடு ஒத்துச்செல்கிறது. எனவே ஓர் எழுத்து, சொல் பிறந்த மொழியை மட்டுமன்றி அது கடந்துவந்த வழியையும் சுட்டவல்லது என்பது பெறப்படும்.

4. ஒரே எழுத்துகள், இரு சொற்கள்

யூல், பர்னெல் ஆகியோர் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, ஆங்கிலத்தில் 'கேஷ்' என ஒரே எழுத்துகளால் எழுதப்படும் இரு சொற்களை வேறுபடுத்துகிறது. பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லின் வழிவந்து ரொக்கத்தைக் குறிப்பது ஒன்று. தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியத்தின் வழியே சென்று சிறு நாணயத்தைக் குறித்தது மற்றொன்று. 1818க்கு முன் சென்னையில் வழங்கிய கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். கிழக்கிந்தியக் கம்பெனியின் பழங்கணக்கில் வரும் இச்சொல்லை 'ரொக்கம்' எனப் பெயர்ப்பின் கணக்கே பொருளற்றதாகிவிடும். எழுத்து ஒன்றாயிருத்தல் சொல் ஒன்றாயிருத்தலுக்குச் சான்றாகாது.

5. மீண்டு வரும் சொற்கள்

இச்சொற்கள் தமிழுக்குத் திரும்பும்போது மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு மிகுகிறது. கஞ்சியைக் 'காஞ்ஜி' எனவும் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' எனவும் எழுதுவது மெட்டுகுடாவில் நேர்ந்த பிழையின் மறுவடிவமே. எனினும் மூலச்சொல்லை மீட்பதே எங்கும் முறையாகும் எனக் கொள்ளவியலாது. இரண்டு சட்டகம் இணைந்த இன்றைய விரைவுப் படகைக் 'கட்டுமரம்' என்றால், மரங்களைப் பிணைத்த மீனவர் கலமே படிப்பவர் நினைவுக்கு வரும்.

இதனினும் கடுமையானது, பறையர் என்னும் சமூகப் பெயரிலிருந்து ஆங்கிலம் ஆக்கிக்கொண்ட சொல். 19ஆம் நூற்றாண்டில் அது 'எவராலும் ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொதுப்பொருள் பெற்றது; இன்று பிற நாடுகள் விலக்கிவைத்த நாட்டுக்கும் அடைமொழியாகிறது. மூலத்தை மீட்பதாக எண்ணி அப்பெயரை அவ்விடத்தில் பெய்தால், ஒரு மக்களின் பெயர் இழிபொருளுடன் தமிழுக்குள் நுழையும். 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்பதே தக்க பெயர்ப்பு. காசைக் காசாகவும் கஞ்சியைக் கஞ்சியாகவும் மீட்கவேண்டிய மொழிபெயர்ப்பாளர், இச்சொல்லை மீட்காதிருத்தலே கடன்.