ஹைதராபாத் குளோரோஃபார்ம் கமிஷன்

1889-ஆம் ஆண்டின் இறுதியில் லாடர் பிரண்டன் என்ற பெயர்பெற்ற மருந்தியல் அறிஞர் லண்டனிலிருந்து ஹைதராபாத் வந்து சேர்ந்தார். 'லான்செட்' மருத்துவ இதழ் அவரை அனுப்பியது. அதற்காக 1000 பவுண்டு கொடுத்தவர் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான். நிஜாமைச் சம்மதிக்க வைத்தவர் எட்வர்ட் லோரி. ரெசிடென்சி சர்ஜன், ஹைதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவர். தம் முடிவைச் சந்தேகித்த இதழையே அவர் ஊருக்கு வரவழைத்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னார். தன்னம்பிக்கைக்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை.

சண்டை குளோரோஃபார்மைப் பற்றியது. 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் அதை மயக்க மருந்தாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று மாதம்கூட ஆகவில்லை. கால்நகம் எடுக்க வந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், அதை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். நின்றது மூச்சா, இதயமா? லண்டன் மருத்துவர்கள் பலர் இதயத்தைச் சொன்னார்கள். எடின்பரோவில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் சைமிடம் பயின்ற லோரியோ, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைத் தொடவே வேண்டாம் என்று உறுதியாக நம்பினார். அந்த முறையில் ஏராளமான நோயாளிகளைப் பத்திரமாக மயக்கி எழுப்பியவர் என்பதால் அது வெறும் வாய்ச்சவடால் அல்ல.

இதைச் சோதிக்க லோரியின் முயற்சியில் 1888-இல் நடந்த முதல் கமிஷனின் முடிவை 'லான்செட்' ஏற்கவில்லை. எனவே பிரண்டனோடு இரண்டாவது கமிஷன் அமைந்தது. நாய், குரங்கு, ஆடு, குதிரை என்று நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் பலியாயின. லோரியின் மாணவி ரூபா பாய் ஃபர்தூன்ஜியும் அந்தப் பணியில் பங்கெடுத்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவர் அவர். பெண்களுக்குப் பள்ளியின் கதவைத் திறந்த பெருமையும் லோரிக்கு உண்டு. சோதனைகளில் மீண்டும் மீண்டும் மூச்சுதான் முதலில் நின்றது. பிரண்டனே மனம் மாறி, ஆபத்து இதயத்தில் இல்லை என்று லண்டனுக்குத் தந்தி அடித்தார்.

லோரி வென்றார். சறுக்கலும் அங்கேதான் தொடங்கியது.

1893-இல் கேம்பிரிட்ஜின் காஸ்கெலும் ஷோரும் வேறு வகைச் சோதனைகள் செய்து, குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகவே தாக்குகிறது என்று காட்டினார்கள். லோரி அசையவில்லை. 1901-இல் வெளியிட்ட கையேட்டிலும் பழைய கட்சியையே பேசினார். மலேரியாக் கிருமி விஷயத்திலும் இதே பிடிவாதம்: பிரெஞ்சு மருத்துவர் லாவெரான் கண்டதாகச் சொன்ன கிருமி கிடையவே கிடையாது என்றார். அவர் ஊரை ஒட்டிய செகந்திராபாத்திலேயே, 1897 ஆகஸ்ட் 20 அன்று, ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார்.

குளோரோஃபார்ம் வழக்குக்கு 1911-இல் விடை வந்தது. லண்டனில் குட்மன் லெவி பூனைகளை வைத்துச் சோதித்தார். மயக்கம் லேசாக இருக்கும்போது உடலில் அட்ரினலின் ஏறினால், இதயத்தின் கீழறைகள் தாறுமாறாகத் துடித்து உயிர் போய்விடும். பயந்த நோயாளிக்கு, மயக்கம் பிடிக்கும் முன்பே, நேர்வது இதுதான். ஹைதராபாத்தில் மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்தி ஆழ்ந்த மயக்கத்தில் பார்த்தார்கள். அங்கே மூச்சு முதலில் நிற்பதில் வியப்பில்லை. கண்டது பொய்யல்ல, காணாதது இல்லவே இல்லை என்று சாதித்ததுதான் பிழை. நாடியைத் தொடாதே என்ற போதனை எத்தனை மேசைகளில் ஆபத்தாக முடிந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆனாலும் மூச்சை விடாமல் கவனி என்று லோரி கற்றுக்கொடுத்தது நல்ல பாடம். மயக்க மருத்துவர்கள் இன்றும் அதைக் கைவிடவில்லை. அவர் தலைமை தாங்கிய பள்ளியின் வாரிசுதான் இன்றைய உஸ்மானியா மருத்துவக் கல்லூரி. அங்கே படிக்கும் பிள்ளைகள் கமிஷனின் அறிக்கையை மட்டும் பெருமையாகப் புரட்டாமல், காஸ்கெலும் ஷோரும் எழுதிய மறுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.