பங்குத் தரகர் (மும்பை)

பங்குச் சந்தையில் வாடிக்கையாளருக்காகப் பங்குகளை வாங்கியும் விற்றும் கொடுத்து, தரகுக் கூலி பெறுபவர் பங்குத் தரகர். சந்தையில் ஒரே ஒரு பங்கை வாங்குவதானாலும் அவர் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

1850களில் பம்பாய் டவுன்ஹாலுக்கு எதிரே மரத்தடியில் கூடிய சிலரே இத்தொழிலின் முன்னோடிகள். அமெரிக்க உள்நாட்டுப் போரால் (1861–65) அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது நின்றது. பம்பாய்ப் பருத்தியின் விலை எகிறி, அந்த லாபம் பங்குகளில் பாய்ந்தது. அலையின் உச்சியில் இருந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த் என்ற தரகர். போர் முடிந்ததும் விலைகள் சரிந்தன, அவரும் நொடித்தார். தாயின் பெயரால் அவர் பணம் கொடுத்துக் கட்டுவித்த ராஜாபாய் கோபுரம் இன்றும் நிற்கிறது. தரகர்கள் 1874இல் தலால் தெருவுக்கு இடம்பெயர்ந்து, 1875இல் சங்கம் அமைத்தார்கள். இன்றைய மும்பைப் பங்குச் சந்தை அதுதான்.

அடுத்த நூறாண்டுக்கு மேல் தரகர் வைத்ததே விலை. ‘ரிங்’ எனப்பட்ட தளத்தில் தொண்டை கிழியக் கத்தியும் கையசைத்தும் பேரம் முடித்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். எந்த நேரத்தில் என்ன விலைக்கு முடிந்தது என்பதை வெளியூர்க்காரர் சரிபார்க்க வழியில்லை. வாங்கிய பத்திரமும் எளிதில் கைக்கு வராது. மாற்றுப் படிவத்தில் கையெழுத்து சற்றே பிசகினாலும் நிறுவனம் திருப்பி அனுப்பிவிடும். கையில் பணமில்லாதவர் வட்டி கட்டிக் கணக்கை அடுத்த தவணைக்குத் தள்ளும் ‘பத்லா’ முறையும் இருந்தது. 2001இல்தான் அது முற்றிலுமாகத் தடை செய்யப்பட்டது.

1992இல் ஹர்ஷத் மேத்தா என்ற தரகர் வங்கிப் பணத்தைப் பங்குகளில் கொட்டியது அம்பலமானது. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்ததும் அதே ஆண்டுதான். 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் பங்கு வணிகம் தொடங்க, மறு ஆண்டே தலால் தெருவும் கூச்சலைக் கைவிட்டது. எந்த ஊரிலிருந்தும் திரைவழியே வாங்கி விற்க முடிந்ததால், சென்னை போன்ற ஊர்களின் சந்தைகளுக்கு அதன்பின் வேலையில்லாமல் போயிற்று. சென்னைச் சந்தை 2015இல் மூடப்பட்டது. 1996இல் பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் முறை வந்ததும் பத்திரக் கட்டுகளும் மறையத் தொடங்கின.

ஆனாலும் வாடிக்கையாளரின் பங்குகளைத் தம் கணக்குக்கு மாற்றி, அவற்றின்மேல் கடன் வாங்கும் வழக்கம் சில தரகர்களிடம் நீடித்தது. 2019இல் பெரிய நிறுவனமொன்று இதில் பிடிபட்டது. 2020 செப்டம்பர் முதல், ஈடாகக் காட்டும் பங்குகளும் வாடிக்கையாளரின் டிமேட் கணக்கிலேயே இருக்கின்றன. அவற்றை அடகு வைக்க, உரியவரின் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும்.